சுருக்குப் பையில் இருந்த சாவி

எனக்கு அறுபத்தேழு வயது. பெற்றது மூன்று. தாயில்லாமல் போன கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தையும் படிக்க வைத்தேன். நான் மட்டும் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவோடு நின்றுவிட்டேன். அதனால் நான் சொல்லச் சொல்ல இதை என் பேத்திதான் எழுதுகிறாள்.

போன வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை நேரம். கரியாலூரிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற மலைப்பாதையில் நடந்தது இது.

எங்கள் ஊர் கரியாலூரையும் தாண்டி மலைமேல் உள்ளடங்கி இருக்கிறது. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பெரியவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது அவனுடைய பழைய ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிட்டுப் போனான். நாலு மாதத்தில் கோழி அதன் மேல் ஏறி முட்டையிட ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கள்ளக்குறிச்சிக்குப் போய் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கினேன். வரிசையில் நின்ற பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எட்டுப் போடும்போது காலை ஊன்றினார்கள். நான் ஊன்றவில்லை.

மெக்கானிக் இருப்பது மலைக்குக் கீழே, கச்சிராயபாளையத்தில். நான் போனால் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுக்கிற மனிதர். ஒவ்வொன்றுக்கும் அவ்வளவு தூரம் ஓட முடியுமா? அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பழகிக்கொண்டேன். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பேன். ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசி எடுப்பேன். பிரேக் ஒயர் தளர்ந்தால் பின்னால் இருக்கிற நட்டை இரண்டு சுற்று முறுக்குவேன். எங்கள் ஊர் ஆம்பிளைகள் வண்டி கிளம்பாவிட்டால் என் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான். இல்லை என்று சொல்லவில்லை.

வண்டிக்கு முதலில் ஒரே ஒரு சாவிதான் இருந்தது. ஒரு தடவை சாமை அறுப்பின்போது அது மடியிலிருந்து நழுவி விழுந்துவிட்டது. மூன்று நாள் அறுத்துப் போட்ட சாமைத் தாளைப் புரட்டிப் புரட்டித் தேடி எடுத்தோம். அதற்கப்புறம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், குடைக்கு அடியில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவரிடம் போய் இரண்டு டூப்ளிகேட் கேட்டேன்.

"ஒரு வண்டிக்கு மூணு சாவியா? எத்தினி பேரு ஆயா ஓட்டப் போறீங்க?" என்றார்.

"ஒண்ணு ஓட்ட, ஒண்ணு தொலைக்க, ஒண்ணு பெட்டியில வெக்க. நீ வெட்டுப்பா" என்றேன்.

அதில் பெட்டியில் வைத்தது எதைத் தெரியுமா? கம்பெனி சாவியை. நல்ல புடவையைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, நைந்ததைக் கட்டிக்கொள்கிற புத்தி எங்களுக்கு. நல்ல சாவியைப் பூட்டி வைத்துவிட்டு டூப்ளிகேட்டைப் புழங்கினேன். அது கொஞ்சம் ஒல்லி. வண்டி பள்ளத்தில் குதித்தால் அதுவும் துளையிலிருந்து குதித்து வெளியே வந்துவிடும். அதனால் மலை இறங்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் உச்சியிலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நானும் அணைப்பேன். அணைத்ததும் சாவியை உருவி, இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையில் போட்டுக்கொள்வேன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் வண்டி சத்தமில்லாமல் கீழே போய்ச் சேர்ந்துவிடும்.

இனி என் சம்மந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பெரியவனுக்குப் பெண் கொடுத்தவர். பக்கத்து ஊர். என் வயதுதான். இருபது வருஷமாக இரண்டு பேரும் "வாங்க, போங்க" தவிர வேறு பேசியதில்லை. உள்ளுக்குள்ளே யார் பெரியவள் என்கிற போட்டி இருந்தது, வெளியே மரியாதை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கள்ளக்குறிச்சியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். என் மருமகள் முதல் நாளே அங்கே போய்ச் சீட்டுப் போட்டு வைத்திருந்தாள். சம்மந்தி பஸ்ஸில் வருவதாகத்தான் சொன்னார். நான்தான் விடவில்லை.

"நான் இருக்கச்சொல்ல பஸ்ஸு எதுக்குங்க? கச்சிராயபாளையம் வரைக்கும் என் வண்டி. அங்கேருந்து டவுன் பஸ்ஸு" என்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் கிறீச் கிறீச் என்று கத்தியது. சம்மந்தியை ஏற்றிக்கொண்டு போகும்போது இப்படிக் கத்தினால் என் மானம் என்ன ஆவது? எங்கள் வீட்டில் கத்துகிற எதற்கும் ஒரே மருந்துதான்: விளக்கெண்ணெய். கிணற்று ராட்டினம் கத்தினாலும், கதவு கத்தினாலும், வயிறு கட்டிக்கொண்டு பிள்ளை கத்தினாலும் அதுதான். எங்கள் காட்டு ஓரத்து ஆமணக்கை இடித்து நானே காய்ச்சிய எண்ணெய். வண்டியைச் சுவரில் சாய்த்தேன். பிள்ளைகளுக்குப் புகட்டுகிற பாலாடையில் எண்ணெயை எடுத்து, பின் சக்கரத்து டிரம்முக்கும் அதை மூடியிருக்கிற தட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் விட்டேன். எட்டாத இடத்துக்குக் கோழி இறகைத் தோய்த்துத் தடவினேன். பின் சக்கரத்துக்கு மட்டும் செய்தால் ஓரவஞ்சனை என்று முன் சக்கரத்துக்கும் ஒரு பாலாடை. யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரையும் கேட்டும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் வண்டி பூனை மாதிரி போனது. சம்மந்தி ஊருக்கு மேட்டுப் பாதை. பிரேக்குக்கு வேலையே இல்லை. அவர் வீட்டு வாசலில் நிறுத்தும்போது ஒரு முழம் வழுக்கி நின்றது. என்ன மெத்தென்று பிடிக்கிறது என்று என் கைக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"இன்னாங்க, இன்னிக்கு வண்டி சத்தத்தையே காணோம்?" என்றார் சம்மந்தி, ஏறி உட்கார்ந்துகொண்டே.

"சர்வீஸ் பண்ணிட்டேங்க."

"நீங்களேவா?"

"பின்ன, ஊரார் கையிலயா குடுப்பேன்?"

உச்சியைத் தாண்டியதும் கீழே கோமுகி அணைத் தண்ணீர் தகடு போலத் தெரிந்தது. வழக்கம்போல இன்ஜினை அணைத்தேன். சாவியை உருவிப் பையில் போட்டேன். சம்மந்தி ஒருபக்கமாக, இடது பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. வலது கை என் இடுப்பைச் சுற்றியிருந்தது. காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். வண்டி கேட்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். பிடி கெட்டியாகத்தான் இருந்தது. ஒயர் அறுந்திருந்தால் தொளதொளவென்று வந்திருக்கும். பிடி இறுகுகிறது, சக்கரம் மட்டும் சேற்று விலாங்கு மாதிரி நழுவிக்கொண்டு ஓடுகிறது. அந்த நொடியில் என் கண்முன்னால் வந்தது சாலை இல்லை, பாலாடை.

வளைவை அகலமாக எடுத்தேன். எதிர்ப்பக்கத்துத் தடுப்புக் கல் வரைக்கும் போய்த் திரும்பினோம். எதிரே வண்டி ஏதும் வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்ல நான் இல்லை.

"மெல்ல போங்க சம்மந்தி. கண்ணு தெரியாதவளுக்கே பயமா கீது."

இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்தேன். ஒரு செருப்பு பறந்து போயிற்று. உள்ளங்கால் எரிந்தது. வேகம் குறையவில்லை. முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்கத் தைரியம் இல்லை. என் வயதுக்கு நான் போனால் போகிறேன். பின்னால் இருப்பவள் என்னை நம்பி ஏறியவள். என் வீட்டு மருமகளின் தாய். அவளைக் கொன்றுவிட்டு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு தின்பது?

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இறக்கத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்தினால், வண்டியைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். இன்ஜினே கட்டிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இன்ஜினை எழுப்பச் சாவி வேண்டும். சாவி என் இடுப்பில் இருக்கிறது. என் கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருக்கிறது.

"அடியே! பிரேக்கு புடிக்கல. என் சுருக்குப் பையில கைய வுட்டு சாவிய எடு!"

இருபது வருஷத்து மரியாதை அந்த இடத்தில் காற்றோடு போயிற்று. அவளும் ஒரு நொடி தயங்கவில்லை.

"எந்த சாவிடி? மூணு கீதே!"

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பாவுக்கு நடுவில் வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, வண்டிச் சாவி. அவள் ஒன்றை எடுத்து என் தோளுக்கு மேலே நீட்டினாள். வலது கையை விட்டு வாங்கினேன். குழல் மாதிரி இருந்தது. பெட்டிச் சாவி. கம்பெனி சாவியைப் பூட்டி வைத்திருக்கிற அதே பெட்டியின் சாவி! ஆத்திரத்தில் அதைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தேன்.

"அது இல்லடி! தட்டையா இருக்கும். ரெண்டு ஓரத்துலயும் பல்லு இருக்கும். தடவிப் பாரு!"

கீழேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. அடுத்த வளைவில் மூக்கை நீட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி வந்தது. வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் அது திரும்பும். எனக்கு இடது பக்கம் பாறை. பஸ்ஸுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு மாடு போகிற அகலம் இருந்தது.

"கால மடக்கு!" என்று கத்தினேன்.

மடக்கினாள். பாறை அவள் முழங்காலைச் சிராய்த்தது. பஸ்ஸின் தகரம் என் வலது முழங்கைக்கு அருகில் சூடாகக் கடந்து போனது. உள்ளேயிருந்து பெண்கள் கத்துவது கேட்டது. கடந்துவிட்டோம். கடந்தபோது அவள் கை என் பையை விட்டு வெளியே வரவே இல்லை. தேடிக்கொண்டே இருந்தது.

"தோ! ரெண்டு பக்கமும் பல்லு. புடி!"

"நெஜமா தெரியுமா?"

"கண்ணுதாண்டி போச்சு. கை போவல!"

சாமையில் கல் பொறுக்குகிற விரல்கள் அவை. வண்டிச் சாவிதான். முதல் தடவை துளைக்குப் பக்கத்தில் குத்தினேன். வண்டி ஆடியது. இரண்டாவது தடவை உள்ளே போயிற்று. திருப்பினேன். அந்த ஒல்லிச் சாவி வெளியே குதித்துவிடாமல் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். கர்ர் என்றது, அணைந்தது. மறுபடி அழுத்தினேன். பிடித்துக்கொண்டது.

இப்போது ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்துப் பாய்கிற வண்டியில், நிற்பதற்காக இன்னும் முறுக்குவது! மனசு வேண்டாம் என்றது. கை முறுக்கியது.

"அடிப்பாவி, இன்னும் வேகமா போறியே!" என்று அவள் என் முதுகில் முகத்தைப் புதைத்தாள்.

முறுக்கியதை விட்டேன். இன்ஜின் உறுமியது. அப்புறம், மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்த மாடு மாதிரி, வண்டி தலையைத் தாழ்த்தியது. வேகம் குறைந்தது. முழுசாக நிற்கவில்லை, ஆனால் ஓடுகிற ஆளின் வேகத்துக்கு வந்தது. அடுத்த வளைவில் ரோட்டு வேலைக்காகக் கொட்டிய மண் குவியல் ஒன்று இருந்தது. நேராக அதில் விட்டேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முழங்கால் சிராய்ப்பைத் தவிர அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளங்கால் தோல் போயிருந்தது. இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி இறங்கி வந்தது. டிரைவர் இறங்கி வந்து வண்டியை நிமிர்த்தினார். சக்கரத்து ஓரத்தில் விரலை வைத்துத் தடவி, மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆயா, பிரேக்குல வெளக்கெண்ண வுட்டது யாரு?"

சம்மந்தி என் பக்கம் திரும்பினாள். புரை விழுந்த அந்தக் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கீழ மெக்கானிக்கு கடையில வுட்டிருந்தேன்."

காலையில் "நானே பண்ணிட்டேன்" என்று பீற்றிக்கொண்டதை அவள் மறந்துபோனாளோ, பயத்தில் குழம்பிப்போனாளோ, அப்படியே நம்பிவிட்டாள். டிரைவர் வண்டியை மூட்டைகளின் மேல் ஏற்றிக் கட்டினார். எங்களை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். லாரி நகர்ந்ததும் சம்மந்தி ஆரம்பித்தாள்.

"எண்ண வுட்டவன் கை அழுவிப் போவ! அவன் வூட்டுல வெளக்கு எரியாம போவ! அவன் குடிக்கற கஞ்சியில புழு நெளிய!"

ஒவ்வொன்றும் என் மடியில் வந்து விழுந்தது. நான் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். இறக்கம் முழுவதும் அவள் நிறுத்தவில்லை. நடுநடுவே என் கையைத் தேடிப் பிடித்து, "நீ இல்லன்னா நான் இன்னிக்கி பொணம்டி" என்று வேறு சொன்னாள். பிரேக் இல்லாத வண்டியில்கூட எனக்கு அப்படி மூச்சு முட்டவில்லை.

கச்சிராயபாளையம் வந்துவிட்டது. கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் லாரி மெதுவாக ஊர்ந்தது.

"யப்பா, அந்த மெக்கானிக்கு கட முன்னால நிறுத்து. அவன் சட்டையப் புடிச்சி நாலு வார்த்த கேட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு போவேன்" என்றாள்.

கடை தெரிந்தது. அந்த மனிதர் குனிந்து யாருடைய சக்கரத்தையோ கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூல் பக்கத்தில் காலியாக இருந்தது.

"எறங்காத" என்றேன். "அவரு இல்ல. நான்தான் வுட்டேன். நேத்து சாயங்காலம், பாலாடையில. ரெண்டு சக்கரத்துக்கும்."

டிரைவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்மந்தி அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திடீரென்று அவள் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி சண்டாளி! வெளக்கு எரியக்கூடாதுன்னு சொல்லிட்டேனே... எம்பொண்ணு பொழங்கற வூடாச்சே அது! கஞ்சியில புழுன்னேனே... எம்பேத்தியும் அதே பானையிலதானே குடிக்கறா!"

ஜன்னல் பக்கம் எட்டி, "தூ, தூ, தூ" என்று மூன்று தடவை துப்பினாள். சொன்ன சாபத்தையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பி எடுத்தாள். கடைசியில் என் கைக்கு வந்தாள்.

"கை அழுவ வேணாம். அது சோறாக்கற கை. ஒரு வாரத்துக்கு சொறி மட்டும் வரட்டும்."

டிரைவர் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைந்தது. அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவள் தோளில் தலையை வைத்து அழுதேன். புருஷன் செத்த பிறகு நான் ஒருத்தர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

டிரைவர் வண்டியை அந்தக் கடை வாசலில் இறக்கி வைத்தார்; நாங்கள் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போனோம். அவளுக்கு மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும் வழியில் மெக்கானிக்கிடம் போய், அரை மணி நேரம் அவர் பேரில் பழி போட்டதையும் சொன்னேன். அவர் எண்ணெய் ஊறின பிரேக் கட்டையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"மத்ததுக்கெல்லாம் வழுக்கணும் ஆயா. இதுக்கு மட்டும் சொரசொரன்னு இருக்கணும். இது உராய்ஞ்சி கத்தினாத்தான் நீங்க நிப்பீங்க" என்று சொல்லி, அன்றைக்கும் அந்த ஸ்டூலைத்தான் நகர்த்திப் போட்டார்.

பெட்டியை உடைத்துக் கம்பெனி சாவியை வெளியே எடுத்துவிட்டேன். இப்போது இன்ஜினை அணைத்துவிட்டு மலை இறங்குவதில்லை. பிளக், ஃபில்டர் எல்லாம் இன்றைக்கும் என் கைதான். பிரேக் மட்டும் அவர் கை. சம்மந்திக்குக் கட்டு அவிழ்த்ததும் முதலில் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இந்த கெயட்டு வண்டியா என்ன கொல்லப் பாத்தது?" என்றாள். இப்போதும் என் பின்னால் ஏறுகிறாள், ஒரு கணக்கோடு: "எறக்கத்துக்கு பஸ்ஸு, ஏத்தத்துக்கு நீ." "வாங்க, போங்க" திரும்பி வரவே இல்லை.

அந்த மலைப்பாதையை நினைத்தால் எனக்கு இப்போது அவ்வளவாகப் பயம் வருவதில்லை. தெரியாமல் செய்தது அது. தெரிந்தே ஒரு நல்ல மனிதர் தலையில் அதைத் தூக்கி வைத்துவிட்டு, லாரியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் கை தானாகப் புடவைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

எழுதிக்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேருக்குமே பேத்தி. என் மேல் இருக்கிற பாசத்தில் "எண்ணெய் பட்டுவிட்டது" என்று மழுப்பி எழுதினாலும் எழுதியிருப்பாள். அம்மாடி, அந்தப் பாலாடை வர்ற எடத்த எனக்கு ஒரு தடவ படிச்சிக் காட்டு. வுட்டது நான்னு இருக்குதா?